லாபமே இல்லாத கடை, 60 டிகிரி சூட்டில்

சிரிஞ்சின் ஊசியை ரப்பர் மூடியில் குத்தினேன். நான் அமுக்கவே இல்லை, பிஸ்டன் தானாக உள்ளே போக ஆரம்பித்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். பக்கத்து மேஜையில் இருந்த சீனியர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "கசிவெல்லாம் இல்ல, சாப்பிட்டிருக்கு" என்றார்.

பத்து வருஷத்துக்கு முந்தைய கதை. முதுகலை ப்ராஜெக்ட்டுக்காக ஒரு ஆய்வகத்தில் ஆறு மாதம் இருந்தேன். வேலை என்னவென்றால், ஆக்சிஜன் துளிகூட இல்லாத பாட்டிலில் பாக்டீரியா வளர்ப்பது. வளர்ப்புத் திரவத்தைக் கொதிக்கவைத்து, நைட்ரஜனைக் குமிழிவிட்டுக் காற்றை விரட்டி, தடித்த ரப்பர் மூடி போட்டு, அதன் மேல் அலுமினிய வளையத்தை இறுக்க வேண்டும். ரெசசூரின் என்று ஒரு சாயத்தைச் சேர்ப்போம், ஆக்சிஜன் இருந்தால் திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும், இல்லையென்றால் நிறமே இருக்காது. என் முதல் ஒன்பது பாட்டிலும் ரோஸ்மில்க் மாதிரி நின்றன. பத்தாவது தேறியது. அதில் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் நான்குக்கு ஒன்று கலவையாக, வெளிக்காற்றைவிட இரண்டு மடங்கு அழுத்தத்தில் ஏற்றி, 60 டிகிரி செல்சியஸில் ஆட்டிக்கொண்டே வைத்தோம். நாலு நாள் கழித்துத்தான் அந்த ஊசி. உள்ளே அழுத்தம் இருந்திருந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டிருக்க வேண்டும். உள்ளே இழுக்கப்பட்டது என்றால் பாட்டிலுக்குள் பாதி வெற்றிடம். கணக்கு எளிது: நாலு மூலக்கூறு ஹைட்ரஜன், இரண்டு கார்பன் டை ஆக்சைடு, ஆக ஆறு வாயு மூலக்கூறுகள் போய் ஒரே ஒரு அசிடேட் வருகிறது, அதாவது வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலம், அதுவும் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. வாயு தீர்ந்தால் வெற்றிடம்தானே.

அந்தப் பாக்டீரியாவின் பெயர் மூரெல்லா தெர்மோஅசெட்டிகா. குதிரைச் சாணத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஃபோன்டெய்ன் என்பவரும் கூட்டாளிகளும் அதைப் பிரித்தெடுத்து 1942-ல் எழுதினார்கள், அப்போது அது கிளாஸ்ட்ரிடியம் தெர்மோஅசெட்டிகம். அன்றைக்கு வேதியியல்காரர்களை உலுக்கியது அதன் சூடு தாங்கும் குணம் அல்ல, அது சர்க்கரையைக் கையாண்ட விதம். ஆறு கார்பன் உள்ள ஒரு குளுக்கோஸைக் கொடுத்தால் சாதாரணமாக நொதிக்கும்போது இரண்டு கார்பன் காற்றில் போய்விடும், இட்லி மாவு பொங்குகிற மாதிரி. இதில் ஒன்றுமே போகவில்லை. இரண்டு கார்பன் உள்ள அசிடேட் ஏறக்குறைய மூன்று வந்தது. அப்படியென்றால் வெளியே விட்ட கார்பன் டை ஆக்சைடைத் திரும்பப் பிடித்து மூன்றாவது அசிடேட்டை அது கட்டியிருக்க வேண்டும். 1945-ல் பார்க்கரும் கேமனும் கார்பன்-14 என்ற கதிரியக்க ஐசோடோப்பைப் போட்டுப் பார்த்து அப்படித்தான் என்றார்கள் (இந்தக் கேமன்தான் 1940-ல் சாம் ரூபனோடு சேர்ந்து கார்பன்-14-ஐயே கண்டுபிடித்தவர், கையில் புது விளையாட்டுச் சாமான் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா). எந்த வழியில் கட்டுகிறது என்பதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்ட ஹார்லண்ட் வுட், லார்ஸ் யுங்டால், அவர்களுடைய மாணவர்கள் என்று ஒரு தலைமுறையே உழைத்தது. அதனால் அந்தப் பாதைக்கு வுட்-யுங்டால் பாதை என்றே பெயர்.

எனக்கு இதில் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. இத்தனை வருஷமும் அதற்குச் சர்க்கரையைத்தான் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். வெறும் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் கொடுத்தாலே, அல்லது வெறும் கார்பன் மோனாக்சைடைக் கொடுத்தாலே அது வளரும் என்று கெர்பியும் ஸைக்கஸும் காட்டியது 1983-ல். 41 வருஷம்! வாயுவைத் தின்று அசிடேட் செய்யும் முதல் பாக்டீரியாவை, இதன் தூரத்துச் சொந்தம் ஒன்றை, நெதர்லாந்தில் வீரிங்கா 1936-லேயே கண்டுபிடித்திருந்தார், ஆனால் அந்த வளர்ப்பு தொலைந்துபோனது. கடைசியில் பார்க்கரின் ஆய்வகத்தில் பழைய குழாய் ஒன்றில் காய்ந்துகிடந்த வித்துகளை (கெட்டி ஓட்டுக்குள் பாக்டீரியா தூங்கும் நிலை) ஜெர்மனியின் காட்ஷாக் குழுவினர் எழுப்பி, 1981-ல் அதைத் திரும்ப உலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பரணில் எதையும் தூக்கிப் போடக் கூடாது என்று எங்கள் பாட்டி சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். இந்த உயிரிகளின் வரவு செலவைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கும். ஒரு குளுக்கோஸை ஆக்சிஜனோடு எரித்தால் மோலுக்கு 2,870 கிலோ ஜூல் கிடைக்கிறது, நம் செல்கள் அதை வைத்து முப்பதுக்குப் பக்கத்தில் ஏடிபி அடிக்கின்றன. ஏடிபி என்பது செல்லுக்குள் செல்லுபடியாகும் நாணயம். நம் வாயு தின்னிக்கு ஒரு அசிடேட் செய்தால், பாடப்புத்தக நிலைமைகளில், 95 கிலோ ஜூல். சேற்றுக்குள் ஹைட்ரஜன் மிகக் குறைவாக இருக்கும், அங்கே இது இன்னும் சுருங்கி ஒரு ஏடிபிக்குக்கூடக் காணாது.

பாதையின் தொடக்கத்தில் கார்பன் டை ஆக்சைடை ஒரே ஒரு கார்பன் உள்ள ஃபார்மேட்டாக்கி, அதை ஃபோலேட் என்ற வைட்டமின் வகை மூலக்கூறின் முதுகில் ஏற்ற ஒரு ஏடிபி செலவு. கடைசியில் அசிடேட்டாக வெளியே விடும்போது ஒரு ஏடிபி வரவு. முடிந்தது. லாபம் பூஜ்யம். காலையில் கடன் வாங்கிச் சரக்கு எடுத்து, சாயங்காலம் விற்றுக் கடனை அடைத்துவிட்டு, கைவீசிக்கொண்டு வீட்டுக்குப் போகிற தள்ளுவண்டிக்காரர் மாதிரி. அப்புறம் எப்படிக் குடும்பம் நடக்கிறது?

இந்தக் கேள்விதான் பல வருஷம் இந்தத் துறையை இழுத்துக்கொண்டு போனது. பதில் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் இருக்கிறது. ஃபெரடாக்சின் என்ற சின்ன இரும்பு-கந்தகப் புரதம் எலக்ட்ரான்களைத் தூக்கிக்கொண்டு வரும். அந்த எலக்ட்ரான்கள் சவ்வில் பதிந்த ஒரு நொதி வழியாகக் கீழே இறங்கும்போது, அந்த இறக்கத்தில் கிடைக்கும் கொஞ்சூண்டு விசையில் அயனிகள் வெளியே தள்ளப்படுகின்றன, மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மாதிரி. அவை திரும்ப உள்ளே இறங்கும்போது ஏடிபி அடிக்கும் இயந்திரம் சுற்றும். இந்தச் சில்லறை லாபம் ஒரு அசிடேட்டுக்கு ஒரு ஏடிபியின் ஒரு பகுதிதான். சாதாரண வெப்பநிலையில் வளரும் இன்னொரு வாயு தின்னியான அசிட்டோபாக்டீரியம் உட்டியைப் பிராங்க்பர்ட்டில் ஃபோல்கர் முல்லர் குழு அளந்தபோது, ஹைட்ரஜனில் வளரும்போது சுமார் 0.3 என்று வந்தது. மூன்று அசிடேட் செய்தால் ஒரு ஏடிபி. அதில் சாப்பிட்டு, புரதம் கட்டி, குட்டி போட்டு வாழ வேண்டும்.

கஞ்சத்தனம் என்று சொல்லலாம். ஆனால் தொழிற்சாலை வைக்கிறவர் கண்ணால் பார்த்தால் இது வரம். தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ள வழியில்லாத உயிர், உள்ளே போகும் கார்பனில் மிகப் பெரும்பகுதியை விற்பனைச் சரக்காகவே வெளியே தள்ளிவிடுகிறது. ஆக்சிஜனில் வளரும் ஈஸ்ட்டோ, குடல் பாக்டீரியாவான ஈகோலையோ சர்க்கரையில் ஏறக்குறைய பாதியைத் தன் உடம்பாக்கிக்கொள்ளும். இது சுண்டைக்காய் அளவு உடம்புக்குத் தொட்டி தொட்டியாக வினிகர் செய்யும்.

கார்பன் மோனாக்சைடு கதை வேறு. நமக்கு அது விஷம், ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆய்வகத்தில் அந்தச் சிலிண்டர் இருந்த அறைக்குள் சட்டைப்பையில் அலாரம் இல்லாமல் போகக் கூடாது. ஆனால் இந்த உயிரிகளுக்கு அது சோறு. ரஷ்யாவின் குரில் தீவுகளில் குனாஷிர் என்ற தீவின் வெந்நீர் ஊற்றிலிருந்து 1991-ல் விவரிக்கப்பட்ட கார்பாக்சிடோதெர்மஸ் ஹைட்ரஜனோஃபார்மன்ஸ், முழுக்க முழுக்கக் கார்பன் மோனாக்சைடு நிரப்பிய பாட்டிலில் 70 டிகிரியில் கொழுகொழுவென்று வளரும். அது செய்வதெல்லாம் கார்பன் மோனாக்சைடையும் தண்ணீரையும் சேர்த்து ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்குவது, அவ்வளவுதான். எரிவாயு ஆலைகளில் உலோக வினையூக்கியும் பல நூறு டிகிரி சூடும் வைத்துச் செய்கிற அதே வினை. கிடைப்பது சுமார் 20 கிலோ ஜூல். இங்கே ஒரு வாயு போய் இரண்டு வாயு வருகிறது, அதனால் அழுத்தம் ஏறும். என் பாட்டில் சிரிஞ்சை உள்ளே இழுத்தது, இந்தப் பாட்டில் வெளியே தள்ளும். பிஸ்டன் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தே உள்ளே யார் குடியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

இந்த வேலையைச் செய்யும் நொதியின் நடுவில் நிக்கல் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடிலிருந்து கார்பன் மோனாக்சைடைச் செய்கிற நொதிக்கும், அதை மெத்தில் குழுவோடு ஒட்டுகிற நொதிக்கும் நடுவே புரதத்துக்குள்ளேயே ஒரு சுரங்கம் ஓடுகிறது. வாயு வெளியே கசியாமல் அந்தக் குழாய் வழியாகவே அடுத்த மேஜைக்குப் போய்விடும். ஃபார்மேட் செய்கிற மூரெல்லா நொதியில் இருப்பது டங்ஸ்டன், பழைய குண்டு பல்பின் இழையில் இருக்குமே அதே உலோகம். யுங்டால் குழுதான் அதையும் காட்டியது.

சூடு எதற்கு? வேதியியல்படி பார்த்தால் சூடு இவற்றுக்கு எதிரிதான். ஆறு வாயு மூலக்கூறுகளை ஒன்றாக்கும் வினை, வெப்பம் கூடக்கூட அதில் கிடைக்கும் ஆற்றல் குறையும். ஏற்கெனவே சில்லறை, அதிலும் கழிவு. ஆனால் ஆலை நடத்துகிறவருக்குச் சூடு பிடிக்கும், அதற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது: குளிரவைக்கிற செலவு. பாக்டீரியா நெருக்கமாக வளரும் பெரிய தொட்டி தானாகவே சூடாகும். 37 டிகிரியில் நிறுத்த வேண்டுமென்றால் மே மாதத்தில் நம்மூர் குளிர்விப்புக் கோபுரத்துத் தண்ணீரை நம்பி எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்? 60 டிகிரித் தொட்டிக்கு அந்தக் கவலை கிடையாது, 35 டிகிரித் தண்ணீர்கூட அதற்குக் குளிர்ச்சிதான். வேண்டாத கிருமிகளும் அந்தச் சூட்டில் சுலபமாக வந்து ஒட்டாது.

ஒட்டாது என்றேன். ஆனால் ஒட்டுகிறவர் யார் என்று பார்த்தால் மூரெல்லாவேதான். ஆய்வகத்தில் எதையும் கிருமி நீக்க ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 அல்லது 20 நிமிடம் வைப்போம், பெரிய பிரஷர் குக்கர் மாதிரி. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வீகல் குழு 2000-ல் விவரித்த இரண்டு மூரெல்லா வகைகள், அப்படி ஆட்டோகிளேவ் செய்த திரவத்திலேயே முளைத்து வந்தவை. அவற்றின் வித்துகளில் பத்தில் ஒன்பது பங்கைக் கொல்ல 121 டிகிரியில் 111 நிமிடம் வரை ஆனது. ஜப்பானில் இதற்கு வேறொரு முகம். அங்கே தெருவோர இயந்திரங்களில் டப்பாக் காபியைக் குளிர்காலத்தில் சுடச்சுட வைத்து விற்பார்கள், சுமார் 55 டிகிரி, உள்ளே காற்றில்லை, பாலும் சர்க்கரையும் உண்டு. மூரெல்லாவுக்கு மாமியார் வீடு. புளித்துப்போகாமல் இருக்கச் சர்க்கரையையும் கொழுப்பு அமிலத்தையும் இணைத்த ஒரு சேர்மானத்தை டப்பாவுக்குள் போடுகிறார்கள். நான் கஷ்டப்பட்டு வளர்த்ததை அவர்கள் கஷ்டப்பட்டு வளரவிடாமல் தடுக்கிறார்கள்.

இன்றைக்கு வாயு நொதித்தல் என்று பெரிய அளவில் நடப்பது பெரும்பாலும் குளிர்ந்த கட்சியின், அதாவது 37 டிகிரிப் பக்கம் வளரும் பாக்டீரியாக்களின் கையில்தான் இருக்கிறது. நியூசிலாந்தில் 2005-ல் தொடங்கிய லான்சாடெக், முயல் புழுக்கையிலிருந்து வந்த கிளாஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜீனத்தை வைத்து, எஃகு ஆலைப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடை எத்தனால் ஆக்குகிறது. சீனாவில் ஷோகாங் எஃகு ஆலையில் 2018-ல் ஓட ஆரம்பித்தது, பெல்ஜியத்தின் கென்ட் நகரிலும் ஒன்று வந்தது, ஹரியானாவில் பானிப்பட் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கழிவு வாயுவுக்கும் அதே தொழில்நுட்பம்தான். (யுங்டால் பெயரைத் தாங்கிய இன்னொரு கிளாஸ்ட்ரிடியம் கோழிப் பண்ணைக் கழிவில் கிடைத்தது. குதிரை, முயல், கோழி. இந்தத் துறைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளாத ஆட்கள் தேவை.)

சூட்டுக் கட்சியில் உண்மையாகவே தொழிலுக்கு வந்தது மீத்தேன் செய்யும் ஆர்க்கியா (பார்க்க பாக்டீரியா மாதிரி இருந்தாலும் தனிக் குலமான நுண்ணுயிர்). மெத்தனோதெர்மோபாக்டர் தெர்மாட்டோட்ரோஃபிகஸ், 1972-ல் சாக்கடைக் கசடிலிருந்து ஸைக்கஸும் உல்ஃபும் பிரித்தெடுத்தது. காற்றாலை மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்து, அதை 60 டிகிரிச் சொச்சத்தில் இந்த ஆர்க்கியாவுக்குக் கொடுத்து மீத்தேன் ஆக்கி எரிவாயுக் குழாயில் விடுவது எலக்ட்ரோகீயா என்ற நிறுவனத்தின் திட்டம். கோபன்ஹேகனிலும் சுவிட்சர்லாந்தின் சோலத்தூர்னிலும் செய்து காட்டினார்கள். இதில் பெரிய வசதி, மீத்தேன் தண்ணீரில் தங்காது, தானே குமிழியாக வெளியேறிவிடும். பிரித்தெடுக்கும் செலவு கிட்டத்தட்ட இல்லை.

அசிடேட்டுக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை, தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு பிரியவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் மூரெல்லாவின் மரபணுவை மாற்றி அசிட்டோன் செய்யவைத்தார்கள். அசிட்டோனின் கொதிநிலை 56 டிகிரி, தொட்டி 60 டிகிரி. அழகான யோசனை, வெளியேறும் வாயுவோடு சரக்கும் ஆவியாகவே வந்துவிடும். ஆனால் பாருங்கள், மறுபடியும் அதே கணக்கு. அசிடேட்டாக விட்டால்தான் அந்தக் கடைசி ஏடிபி வரவு. அசிட்டோன் பக்கம் திருப்பிவிட்டால் அந்த வரவு குறையும், கடன் மட்டும் அப்படியே நிற்கும். ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் மட்டும் கொடுத்தால் மாற்றிய வகை திணறுகிறது. கார்பன் மோனாக்சைடு கலந்தால் பிழைக்கிறது. இல்லையென்றால் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள வேறொரு பொருளைச் சேர்த்து ஓரமாக ஒரு பக்க வருமானம் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

ஆப்பிரிக்காவில் ருவாண்டாவுக்கும் காங்கோவுக்கும் நடுவில் கிவு ஏரி இருக்கிறது. அடியாழத்தில் எரிமலையின் கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் சோடா பாட்டில் மாதிரி கரைந்துகிடக்கும் ஏரி. அதன் வண்டலிலிருந்து எடுத்து 1981-ல் விவரிக்கப்பட்ட தெர்மோஅனரோபாக்டர் கிவுயிதான் இன்று எல்லோரும் கண்வைத்திருக்கும் பிள்ளை. 66 டிகிரியில் குஷியாக வளரும், ஹைட்ரஜனில் இந்தக் குடும்பத்தில் இதன் வேகத்துக்கு ஈடு கொடுப்பது கஷ்டம், மரபணுவை மாற்றவும் இப்போது வழி இருக்கிறது. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் நேரடியாக ஃபார்மிக் அமிலமாக்கும் நொதி ஒன்று இதில் இருக்கிறது, இருபக்கமும் ஓடும். அது செல்லுக்குள் நீள நீளமான கம்பியாகக் கோத்துக்கொண்டு சவ்வில் நங்கூரமிட்டு நிற்பதை 2022-ல் முல்லர் குழுவும் கூட்டாளிகளும் படம் பிடித்தார்கள். ஹைட்ரஜனைச் சிலிண்டரில் அடைத்துத் தூக்குவதற்குப் பதில் ஃபார்மிக் அமிலமாக ஊற்றி வைத்து வேண்டும்போது திரும்ப எடுக்கலாம் என்ற ஆசை இந்தக் கம்பியைச் சுற்றித்தான்.

என்னைக் கேட்டால், இந்த உயிரிகளிடம் பெட்ரோல் செய், பிளாஸ்டிக் செய் என்று கேட்பதே தப்பு. தினக்கூலி வீட்டில் போய்ப் பதினாறு வகைப் பதார்த்தத்தோடு விருந்து எதிர்பார்க்கிற மாதிரி. அவர்களால் முடிந்தது கஞ்சி, அதை நன்றாகவே காய்ச்சுவார்கள். எம்ஐடியில் ஸ்டெஃபனோபூலோஸ் குழு 2016-ல் செய்தது எனக்கு அதனால்தான் பிடித்திருக்கிறது. முதல் தொட்டியில் மூரெல்லா, காற்றில்லாமல், 60 டிகிரியில், வாயுவை அசிடேட் ஆக்குகிறது. அந்த அசிடேட் தண்ணீரைப் பிரிக்கிற வம்பே வேண்டாம் என்று நேராக இரண்டாவது தொட்டிக்கு விடுகிறார்கள். அங்கே யாரோவியா என்ற ஈஸ்ட், ஆக்சிஜனைத் தாராளமாகச் சுவாசித்து, வசதியான வீட்டுப் பிள்ளையாக அந்த அசிடேட்டைத் தின்று எண்ணெய் சேர்க்கிறது.

இதைப் போன வாரம் நண்பனிடம் போனில் சொன்னபோது, "ஈஸ்ட்டு மூச்சுவிட்டா கார்பன் டை ஆக்சைடு வருமே?" என்றான். வரும், அதைப் பிடித்து முதல் தொட்டிக்கே திரும்ப விடலாம். "சரி, ஹைட்ரஜன்?" என்றான். அதற்கு மட்டும் ஒரு ஏடிபிகூடக் கடன் கிடைக்காது, மின்சாரம்தான் வேண்டும், பில்லை யாராவது கட்டித்தான் ஆக வேண்டும்.